வேலையில்லாப்படி யார் தலையில்? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நிதி வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கு இருக்கும் தேனி மாவட்டத்துக்கு நூறு நாள் வேலைச் சட்டம் 2008 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. பக்கத்துத் திண்டுக்கல் 2006 பிப்ரவரியிலேயே முதல் கட்டத்தில் சேர்ந்துவிட்டது. அப்போது தமிழகத்தில் நாள் கூலி 80 ரூபாய். கூலியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதே சட்டம் வாக்களித்த வேலையில்லாப்படியைப் பற்றி அநேகமாகப் பேசவே இல்லை.

வேலையை உரிமையாக்கும் எண்ணத்தின் வேர் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 1972-73 வறட்சியை ஒட்டி வளர்ந்த வேலை உறுதித் திட்டத்துக்கு அம்மாநிலம் தொழில் வரி போன்ற தனி வரிகளை விதித்தது. 1977இல் அதைச் சட்டமாக்கியது. உரிமையைக் கொடுத்தவர்களே அதற்கான பணத்துக்கும் வழி வகுத்தார்கள்.

நூறு நாள் வேலையைத் தந்த 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அந்த இணைப்பை அறுத்துவிட்டது. விண்ணப்பித்த 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும், அதன்பின் பாதியும் குறைந்தபட்சப் படியாகத் தர வேண்டும் என்றது. உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. படியோ மாநிலத்தின் தலையில். வேலை தராத மாநிலம் சொந்தக் கைக்காசைக் கட்டட்டும் என்பது நோக்கம். நடைமுறையில் அது விண்ணப்பத்துக்குத் தேதியிட்ட ரசீது தராமலிருக்கவே தூண்டியது. ரசீது இல்லையென்றால் 15 நாள் எப்போது தொடங்கியது என்று யாராலும் நிறுவ முடியாது. 2025-26இல் தமிழகக் கூலி 336 ரூபாய். கால் பங்கு 84. அந்த 84 ரூபாய் ஒரு துண்டுச் சீட்டில் தொங்கியது.

படித்தவர்களுக்கான பாதை வேறு. மலைக்கு அப்பால் கேரளம் 1982இலேயே வேலையற்றோர் உதவித்தொகையைத் தொடங்கியது. தமிழகம் 2006இல், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 150, பட்டதாரிக்கு 300 ரூபாய் என அறிவித்தது. பின்னர் இவை 300, 600 ஆயின. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 336 ரூபாய்க் கூலியில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து 215 ஆள்நாள் உழைத்தாலே வரம்பு தாண்டிவிடும். விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் தம்பதியின் பட்டதாரி மகளை அந்தக் கோடு வெளியே நிறுத்திவிடும். செலவைக் கட்டுக்குள் வைக்கப் போட்ட இந்த வரம்பு அநீதியானது என்பதே என் கருத்து.

நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாட்களை 125 ஆக்கியது. செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது. ஒதுக்கீட்டுக்கு மேற்பட்ட செலவும் மாநிலத்துடையதே. இனி வேலை கொடுத்தாலும் மாநிலக் கருவூலத்துக்குச் செலவு, கொடுக்காவிட்டாலும் செலவு. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் பணிகளை நிறுத்தவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் உத்தமபாளையத்துக்கு நடவும் அறுப்பும் இரண்டிரண்டு முறை வரும்; ஆண்டிபட்டி மானாவாரிக்கு மழைதான் நாள் குறிக்கும். இரண்டுக்கும் ஒரே 60 நாளை அறிவித்தால், ஆண்டிபட்டிக்காரர் காட்டிலும் வேலையில்லாமல், ஊராட்சியிலும் வேலையில்லாமல் நிற்பார். எந்த நாட்கள் என்பதை வட்டாரவாரியாகக் குறிக்கும் பொறுப்பு மாநில அரசுடையது.