பந்தய மோட்டார் சைக்கிள் எஞ்சின்

பந்தயத்தளத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட, அல்லது அதற்கேற்ப மாற்றப்பட்ட எஞ்சினைப் பந்தய எஞ்சின் என்பார்கள். சாலை எஞ்சினைவிட இது உறுதியானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் இது ஆயுளைக் கொடுத்து வேகத்தை வாங்கும் எஞ்சின். பராமரிப்புச் செலவும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஹோண்டாவின் இரண்டு ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களை ஒப்பிட்டால் இது விளங்கும். ஒன்று 2011இல் இந்தியச் சாலைக்கு வந்த சிபிஆர்250ஆர். மற்றது மோட்டோ3 வகுப்புக்காகப் பிறந்த என்எஸ்எஃப்250ஆர். 2019 முதல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் இளம் வீரர்களுக்கான ஹோண்டா இந்தியா டேலண்ட் கப் பந்தயங்களில் ஓடியதும் இந்த என்எஸ்எஃப்250ஆர்தான். இரண்டுமே 249 சிசி, நான்கு வால்வு. சாலை எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 76 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 55. பந்தய எஞ்சினில் 78, 52.2. முன்னது நிமிடத்துக்கு 8,500 சுற்றில் சுமார் 26 குதிரைத்திறன் தருகிறது. பின்னது 13,000 சுற்றில் 48.

திறன் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, ஆனால் டார்க் (முறுக்குவிசை) ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது. ஒவ்வொரு வெடிப்பும் பெரிதாக வலுக்கவில்லை. அதே நேரத்தில் அதிக முறை வெடிக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை கடுமையானது. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இழுக்கும் விசை சுற்றுவேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், இந்த இரண்டு எஞ்சின்களுக்கிடையே அது இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. எடை குறைக்க டைட்டானியம் வால்வுகள், குட்டையான பிஸ்டன் என்று போவது இதனால்தான். உயர் சுற்றுக்கென வெட்டிய கேம், சிக்னலில் நின்று கிளம்பும் வேகத்தில் இழுக்காது. பந்தயத்தில் அந்த வேகமே தேவைப்படாது. செல்ஃப் மோட்டார் கிடையாது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். சாலை வண்டியின் கூலண்டுக்குப் பதில் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான்: கிளைகால் கலந்த கூலண்ட் தளத்தில் சிந்தினால் பின்னால் வருபவர் சறுக்கி விழுவார். ஆயில் போல்ட்டின் தலையில் துளையிட்டுக் கம்பி கட்டுவதும் இதே காரணத்துக்காக.

சாலை எஞ்சினின் சர்வீஸ் கணக்கு கிலோமீட்டரில் ஓடுகிறது. பந்தய எஞ்சினுக்கு மணிக்கணக்கு. மோட்டோகிராஸ் பந்தய வண்டியான ஹோண்டா சிஆர்எஃப்450ஆருக்கு, ஆறு பந்தயம் அல்லது சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றச் சொல்கிறது அதன் கையேடு. கழற்றிய பிஸ்டன் கண்ணுக்குப் புதிதாகவே தெரியும். ஆனால் உலோகச் சோர்வு கண்ணுக்குப் படாது. விரிசல் விழும் வரை காத்திருந்தால் பிஸ்டனோடு ராட், ஹெட், எஞ்சின் கேஸ் எல்லாம் போய்விடும். நன்றாக இருக்கும் பாகத்தை எடுத்தெறிய மனமில்லாதவரே பந்தயத்தில் அதிகம் செலவழிக்கிறார். தேர்ந்த மெக்கானிக் கழற்றிய ஆயில் ஃபில்டரை அப்படியே வீசுவதில்லை. அறுத்து, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். மின்னும் துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்புப் பாகம் தேய்கிறது. ஒட்டாவிட்டால் அலுமினியமோ பேரிங் உலோகமோ. எதைப் பிரிப்பது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மேல்பூச்சிட்ட டைட்டானியம் வால்வுக்குச் சாலை வண்டியைப் போலப் பேஸ்ட் தேய்த்து லேப்பிங் செய்யக்கூடாது. பூச்சு போனால் வால்வு விரைவில் தேய்ந்துவிடும், மாற்றுவதுதான் வழி.

இந்தச் செலவு போட்டியையே விழுங்கிவிடும் என்பதால் விதிகள் குறுக்கிட்டன. மோட்டோஜிபியில் 2010இல் 18 பந்தயங்களுக்கு ஓட்டுநர் ஒருவருக்கு ஆறு எஞ்சின்தான் என்று வரம்பு வந்தது. 2012இல் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் வகுப்பின் இடத்தில் மோட்டோ3 தொடங்கியபோது, எஞ்சின் விலைக்கு 12,000 யூரோ உச்சவரம்பும், சுற்றுவேகத்துக்கு 14,000 என்ற எல்லையும் விதித்தார்கள். இரண்டில் செலவை அதிகம் தடுப்பது சுற்றுவேக எல்லைதான் என்று சொல்லலாம். விலை வரம்பு எஞ்சினை வாங்கும்போது ஒருமுறை மட்டும் உதவுகிறது. சுற்றுவேக எல்லை ஒவ்வொரு முறை எஞ்சினைப் பிரிக்கும்போதும் பணத்தை மிச்சப்படுத்துகிறது.