குல்மார்க் போறீங்களா? பனிச்சறுக்கில் முதலில் கத்துக்க வேண்டியது ‘நிற்க’த்தான்!

குளிர்காலத்தில் காஷ்மீர் போய் வந்தவர்களின் செல்போனில் இந்தப் படம் கட்டாயம் இருக்கும். வாடகை கோட், வாடகை பூட், காலில் இரண்டு நீளப் பலகை, பின்னால் வெள்ளை மலை. படத்தோடு நிறுத்திக்கொண்டால் பிரச்னை இல்லை. ‘வந்ததுதான் வந்தோம், மேலே போய் ஒரு ரவுண்டு சறுக்கிடலாம்’ என்று கிளம்பும்போதுதான் முழங்காலுக்கு ஆபத்து வருகிறது.

உண்மையில் பனிச்சறுக்கு, அதாவது ஸ்கீயிங், பயப்பட வேண்டிய விளையாட்டு அல்ல. நல்ல பயிற்சியாளரிடம் மூன்று, நான்கு நாள் கற்றால் ஓரளவு உடல்நலம் உள்ளவர்கள் லேசான சரிவில் தனியாகவே இறங்கிவிடலாம். ஆனால் சறுக்குவது தானாக நடக்கும். நிற்பதைத்தான் கற்க வேண்டும்.

எங்கே கற்கலாம்?

ஸ்ரீநகரில் இருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள குல்மார்க்தான் இந்தியாவில் இதற்குப் பெயர் போன இடம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான் இந்தச் சரிவுகளில் பழகியவர்தான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இங்கே இருக்கிறது. உத்தராகண்டில் ஆலி, இமாச்சலில் மணாலி அருகே சோலாங் பள்ளத்தாக்கு ஆகியவையும் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை.

குல்மார்க்கில் கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகும். முதல் கட்டம் கோங்டூரி வரை. இரண்டாவது, அஃபர்வத் சிகரத்தின் பக்கமாக 3,900 மீட்டரைத் தாண்டிவிடும். அங்கே பெரும்பாலும் சமன்படுத்தப்படாத இயற்கைப் பனி. பனிச்சரிவு அபாயமும் உண்டு. 2023 பிப்ரவரியில் போலந்தைச் சேர்ந்த 2 பேரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க் மலைப்பகுதியில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தனர். புதிதாகக் கற்பவருக்கு மேலே வேலையே இல்லை. அடிவாரப் புல்வெளியில் உள்ள லேசான சரிவுகள் போதும்.

பூட் வாங்கும்போது கவனம்

வாடகைக் கடையில் எல்லோரும் பலகையைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பூட்டை. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் விலக வேண்டும். குதிகால் மட்டும் எழும்பவே கூடாது. ‘கொஞ்சம் லூசா இருந்தா வசதி’ என்று நினைத்தால் பலகை உங்கள் பேச்சைக் கேட்காது. பலகையை நிறுத்தி வைத்தால் மார்புக்கும் தாடைக்கும் நடுவே உயரம் இருப்பது பழகுபவர்களுக்கு வசதி.

பூட்டையும் பலகையையும் இணைக்கும் கொக்கிக்கு பைண்டிங் என்று பெயர். நீங்கள் விழும்போது அதுவாகக் கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால் நீளப் பலகை காலைத் திருகிவிடும். முழங்கால் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். எடை, உயரம், வயது, அனுபவம் ஆகியவற்றைக் கேட்டுத்தான் இதை டைட் செய்வார்கள். எனவே எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அனுபவத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். எதுவுமே கேட்காமல் மாட்டிவிடும் கடையா? வேறு கடை பாருங்கள்.

ஹெல்மெட் அவசியம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் எலும்புக்குள் இறங்கும். புதுப் பனி, சூரியனின் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் என்பதால் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மேகமூட்டமான நாளிலும் தேவை.

முதல் நாள் என்ன நடக்கும்?

முதலில் ஒரே ஒரு பலகையுடன் சமதளத்தில் நடை. பிறகு நண்டு மாதிரி பக்கவாட்டில் அடி வைத்து மேடு ஏறுவது. மூச்சு வாங்கும், உயரமும் ஒரு காரணம். போய் இறங்கிய அன்றே ஆரம்பிக்காமல் ஒரு நாள் ஓய்வு எடுப்பது நல்லது.

அடுத்ததுதான் முக்கியம்: பிரேக். இரண்டு பலகைகளின் முன் நுனியை நெருக்கி, பின்பக்கத்தை அகட்ட வேண்டும். ஓட்டு வீட்டுக் கூரையின் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலால் வெளியே தள்ளும்போது பலகைகளின் உள் விளிம்பு பனியைக் கீறி வேகத்தைக் குறைக்கும். அதே வடிவில் வலது காலுக்கு எடை கொடுத்தால் இடப்பக்கம் திரும்பும், இடது காலுக்குக் கொடுத்தால் வலப்பக்கம்.

இங்கேதான் எல்லோரும் சொதப்புவார்கள். வேகம் எடுத்ததும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் எடை இருக்காது. பிரேக்கும் பிடிக்காது, திரும்பவும் செய்யாது. முழங்காலை மடக்கி, கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பு பூட்டின் முன்பக்கத்தில் அழுந்தும்படி முன்னால் சாய வேண்டும். பயத்துக்கு எதிராகச் சாய்வது என்பது கேட்க எளிது, பழக இரண்டு நாள் ஆகும்.

நிறுத்த முடியவில்லையா? மேட்டுப் பக்கமாக, ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடுங்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு எழுந்தால்தான் மறுபடியும் ஓடாமல் இருக்கும்.

சரிவில் ஒரு சாலை விதியும் இருக்கிறது. கீழே, முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. அவரைத் தவிர்த்துப் போவது மேலிருந்து வருபவரின் பொறுப்பு. நடுவழியில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

எப்போது போகலாம்?

டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை சீசன். ஜனவரி, பிப்ரவரியில் பனி அதிகம் என்பது பழைய கணக்கு. 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலான நாட்கள் பனியின்றி வறண்டே கிடந்தது. டிக்கெட் போடும் முன் அந்த வாரத்தின் நிலவரத்தை விசாரித்துவிடுங்கள். பயணக் காப்பீடு எடுப்பவர்கள் பனிச்சறுக்கு அதில் அடக்கமா என்றும் கேட்க வேண்டும். பல பாலிசிகளில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. பெரிய எலும்பு முறிவு என்றால் சிகிச்சைக்கு ஸ்ரீநகர்தான் போக வேண்டியிருக்கும்.