லெஸ்டர் மாநகரில் ஒரு ஜினாலயம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர் மாநகருக்குச் செல்லும் பயணிகளிற் பலர் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் கல்லறையைக் காணவே செல்கின்றனர். 2012ஆம் ஆண்டில், ஊர்திகள் நிறுத்தும் இடம் ஒன்றின் அடியில் அம்மன்னரின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. 2015இல் அந்நகரப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவு நடந்து ஆக்ஸ்போர்டு தெருவை அடைவோர், ஆங்கிலேயப் பாங்கிலான கட்டடங்களுக்கிடையே வெண்பளிங்கு முகப்பொன்றைக் கண்டு வியந்து நிற்பர். நுண்ணிய சிற்பங்கள் நிறைந்த அம்முகப்பு ஒரு ஜினாலயத்தினுடையது.

உள்ளே செதுக்கு வேலைப்பாடமைந்த மணற்கல் தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் பகவான் மகாவீரரின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் ஒளிர்கின்றன. கிறித்தவ ஆலயங்களுக்கே உரிய கலை ஒன்று தீர்த்தங்கரரின் வரலாற்றைச் சொல்லுகிறதே என வியக்கத் தேவையில்லை. இக்கட்டடமே 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ வழிபாட்டிடமாக எழுப்பப்பெற்றதுதான்.

இவ்வாலயம் இங்கே தோன்றிய வரலாறு ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. குஜராத்திலிருந்து கடல் கடந்த சமண வணிகர் பலர் கென்யா முதலிய கிழக்காப்பிரிக்க நாடுகளில் வேரூன்றியிருந்தனர். அந்நாடுகள் விடுதலை பெற்றபின் இந்தியரின் நிலை தளர்ந்தது. 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன், ஆசியர்கள் 90 நாள்களுக்குள் வெளியேற வேண்டுமென ஆணையிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் லெஸ்டர் நகர மன்றம், தம் நகருக்கு வரவேண்டா என்று உகாண்டா நாளிதழ் ஒன்றில் விளம்பரமே செய்தது. ஆயினும் மக்கள் வந்தனர். ஆலைகளில் உழைத்தனர், கடைகள் வைத்தனர், அந்நகரையே தம் ஊராக்கிக் கொண்டனர்.

அவர்களுள் சமணர் ஒன்றுகூடி 1979இல் பழைய தேவாலயத்தை வாங்கினர். அதனை இடிக்காமல், இந்தியச் சிற்பிகளின் கைவண்ணத்தால் புதுக்கினர். 1988இல் பிரதிஷ்டை நிகழ்ந்தது.

கட்டட அழகினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. இங்கே சுவேதாம்பரர், திகம்பரர் ஆகிய இரு பிரிவினருக்கும் சன்னிதிகள் உள்ளன. உருவ வழிபாடு கொள்ளாத தானகவாசியருக்கு உபாசிரயமும், ஸ்ரீமத் ராஜசந்திரரைப் போற்றுவோருக்குத் தனி மந்திரும் உள்ளன. அனைத்தும் ஒரே கூரையின்கீழ்!

இதன் அருமையை உணரப் பழைய வழக்கொன்றை நினைவுகூர்தல் வேண்டும். சம்மேத சிகர்ஜி மலையின் வழிபாட்டுரிமை பற்றித் திகம்பரரும் சுவேதாம்பரரும் தொடுத்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1933இல் முடிவுற்றது. எந்நாட்டு நீதிமன்றத்தில் நம்மவர் எதிரெதிரே நின்றனரோ, அதே நாட்டில், 55 ஆண்டுகளுக்குப் பின், ஒரே வாயில் வழியே வழிபாட்டுக்குச் சென்றனர். சிறு தொகையினராய் அயல்மண்ணில் வாழ நேர்ந்தமை அவர்களை நெருங்கச் செய்தது எனலாம். தனித்தனியே கோயில் எழுப்பும் வசதி வாய்க்குமுன் கூடி வாழும் பண்பு அவர்களுக்கு வாய்த்தது.

தமிழ்ச் சமணர் பெரும்பாலும் திகம்பர மரபினர். நம் நகரங்களில் அண்டை வீதிகளில் வாழும் வடநாட்டுச் சமணருட் பலர் சுவேதாம்பரர். இரு சாராரும் ஒருவர் திருவிழாவில் மற்றவர் கலந்துகொள்ளும் நாள்கள் இன்னும் பெருகவேண்டும். அநேகாந்தத்தை நூல்களில் ஓதும் நாம் அதனை வீதியிலும் ஒழுகுதல் இயலும் என்பதற்கு, வரவேண்டா என்று சொன்ன ஊரில் எழுந்த அந்த ஆலயமே சான்று.