கிணற்றை எட்டிப் பார்த்தது யார்?

போன பங்குனியில் நாகர்கோவில் வீட்டில் மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். வாஷரை மாற்றினோம், வால்வை மாற்றினோம். இரண்டு நாள் கழித்து, அடுக்களை வாசலிலிருந்து அம்மை கேட்டாள்: "கெணத்துல தண்ணி கெடக்கான்னு பாத்தியா மக்கா?" எட்டிப் பார்த்தேன். குழாய் முனைக்கு ஒரு முழம் கீழே கிடந்தது தண்ணீர்.

சிரித்து முடித்ததும் எனக்கு ஜாவாக் கோழிகளின் ஞாபகம் வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கீழ்த்திசை நாடுகளைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து மனிதர்கள் செத்தார்கள். இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில் டச்சு டாக்டர் எய்க்மன் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். 1889இல் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்கும் கால் துவண்டது. சில மாதங்களில் மருந்தில்லாமலே தெளிந்தது. விசாரித்தால், சமாசாரம் சமையற்கட்டில் இருந்தது! சிக்கனம் கருதி, ராணுவ ஆஸ்பத்திரியில் மீந்த தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், ராணுவச் சோறு இந்தக் கோழிகளுக்குக் கிடையாது என்று நிறுத்திவிட்டார்.

அப்போதும் எய்க்மன், அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே நினைத்தார். தீட்டிய அரிசியில் இருப்பது அல்ல, இல்லாததே நோய்க்குக் காரணம் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ். தவிட்டோடு போன அந்தச் சத்துக்குப் பிற்காலத்தில் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது.

இந்தக் கதையில் தமிழருக்கும் பங்குண்டு. மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிந்தபோது, தமிழர்களிடம் அது அரிதாக இருந்ததைப் பிராடன் என்ற டாக்டர் கவனித்தார். 1906இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர், ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 36 பேர் நோயில் விழுந்தனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்டவர்களில் இருவருக்கே நோய். அவர்களும் அதோடு வந்து சேர்ந்தவர்கள். அந்த 18 பேரிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று இல்லை.

நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அவ்வளவும் போவதில்லை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்து வந்த நாஞ்சில் நாட்டு முற்றங்களில் நெல் புழுக்கிய பெண்களுக்கு வைட்டமின் தெரியாது. தெரிந்துதான் செய்தார்கள் என்று பெருமையடிக்கவும் நான் வரவில்லை. ஆனால் அந்தப் பானைக்குள் எட்டிப் பார்க்க டாக்டர்களுக்கு எத்தனை வருஷம் பிடித்தது! அதற்குள் எத்தனை பேர் போனார்கள்!

எனக்கு இரண்டு நாளும் ஒரு வாஷருமே நஷ்டம்.