ஈர்ப்பின் காரணம்

ஈர்ப்பு அல்லது ஈர்ப்பு விசை என்பது நிறை கொண்ட பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பது போலத் தோன்றும் இயற்கை நிகழ்வு ஆகும். மரத்திலிருந்து காய் கீழே விழுவதும், நிலா புவியைச் சுற்றி வருவதும், கடலில் ஓதம் ஏறி இறங்குவதும் இதனாலேயே நிகழ்கின்றன. இவ்விழுப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு 1687 ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. அது ஏன் ஏற்படுகிறது என்ற கேள்விக்கு மேலும் 228 ஆண்டுகள் கழித்தே ஓரளவு நிறைவான விடை கிடைத்தது. பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுவதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது.

நியூட்டனின் விதி

ஐசாக் நியூட்டன் 1687 இல் வெளியிட்ட பிரின்சிப்பியா என்னும் நூலின்படி, இரு பொருள்களுக்கு இடையிலான ஈர்ப்பு விசை அவற்றின் நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், இடைத்தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும். அதாவது, தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

இவ்விசை மிகவும் வலுக்குறைந்தது. ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஒரு கிலோகிராம் பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை, ஒரு நியூட்டனில் ஏறத்தாழ 1500 கோடியில் ஒரு பங்கு மட்டுமே. (ஒரு நியூட்டன் என்பது சுமார் 100 கிராம் பொருளின் எடை.) ஆயினும் ஹென்றி கேவண்டிஷ் 1798 இல், ஏறத்தாழ 158 கிலோகிராம் நிறையுள்ள ஈயக்குண்டுகள் சிறு குண்டுகளை இழுப்பதை முறுக்குத் தராசு கொண்டு அளந்து காட்டினார். காற்றோட்டம் கெடுத்துவிடாதபடி கருவியைத் தனியறையில் அடைத்து, வெளியிலிருந்து தொலைநோக்கி வழியாக அவர் அளவுகளைக் குறித்துக்கொண்டார். ஈர்ப்பு என்பது கோள்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இச்சோதனை நேரடிச் சான்றாகும்.

இடையில் எதுவும் இல்லாத வெற்றுவெளியின் ஊடாக ஒரு பொருள் இன்னொன்றை எவ்வாறு இழுக்க முடியும்? இவ்வாறு நடக்கும் என்று கருதுவது அறிவுக்கு ஒவ்வாதது என நியூட்டனே ரிச்சர்ட் பென்ட்லிக்கு எழுதிய மடலில் கூறியுள்ளார். நூலின் 1713 ஆம் ஆண்டுப் பதிப்பில், காரணம் பற்றித் தாம் ஊகம் எதையும் முன்வைக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்.

அவர் விட்ட இடத்தைப் பிறர் நிரப்ப முயன்றனர். அவற்றுள் லெ சாஜ் என்பவரின் கருத்து கவர்ச்சியானது. எல்லாத் திசைகளிலிருந்தும் நுண்துகள்கள் பொருள்களை மோதுகின்றன. அருகருகே உள்ள இரு பொருள்கள் ஒன்றுக்கொன்று மறைப்பாக நிற்பதால் வெளிப்புற மோதல்கள் அவற்றை நெருங்கச் செய்கின்றன என்பது அக்கருத்து. தொலைவின் வர்க்க விதியும் இதிலிருந்து கிடைக்கிறது. ஆனால் அத்துகள்கள் கோள்களின் ஓட்டத்தைத் தடுக்கும். மோதலின் வெப்பத்தால் புவியே எரிந்துபோகும். எனவே இது கைவிடப்பட்டது.

ஐன்ஸ்டீனின் விளக்கம்

1971 இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒருசேர விட்டபோது, இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. காற்றில்லாத இடத்தில் எல்லாப் பொருள்களும் ஒன்றுபோலவே விழுகின்றன. மின்விசை போன்ற பிற விசைகளுக்கு இப்பண்பு இல்லை. அப்படியாயின், இது பொருளின் பண்பாக இல்லாமல், பொருள் செல்லும் வெளியின் பண்பாக இருக்கலாம் அல்லவா? விழும் மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்று 1907 இல் சிந்தித்த ஆல்பர்ட் ஐன்ஸ்டீன், 1915 இல் பொதுச் சார்புக் கோட்பாட்டை நிறைவு செய்தார். (பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உயரத்தில் புவியீர்ப்பு தரைமட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 89 விழுக்காடு இருக்கிறது. வீரர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அன்று. நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்.)

இக்கோட்பாட்டின்படி நிறையும் ஆற்றலும் காலவெளியை வளைக்கின்றன. வேறு விசை எதுவும் தாக்காத பொருள், அவ்வளைந்த காலவெளியில் இயன்ற அளவு நேரான பாதையில் செல்கிறது. அதையே நாம் விழுதல் என்கிறோம்.

இதை விளக்க, இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பில் குண்டு வைத்த படம் வழக்கமாகக் காட்டப்படுகிறது. இது பொருத்தமான உவமை அன்று. அக்குண்டு விரிப்பை அமிழ்த்துவதற்கே ஈர்ப்பு தேவைப்படுகிறது. மேலும், அன்றாடப் பொருள்கள் விழுவதற்கு வெளியின் வளைவை விடக் காலத்தின் வளைவே முதன்மையான காரணம். தரைக்கு அருகில் கடிகாரம் சற்றே மெதுவாகவும், உயரத்தில் சற்றே விரைவாகவும் ஓடும். மேலே எறிந்த பந்து ஒன்றுடன் கடிகாரம் செல்வதாகக் கொள்வோம். உயரம் போனால் அது விரைந்தோடும். ஆனால் உயரம் போக வேகம் வேண்டும், வேகமாக நகரும் கடிகாரமோ மெதுவாக ஓடும். இவ்விரண்டையும் ஈடுசெய்து, தன் கடிகாரம் மிகுதியான நேரம் காட்டும் பாதையைப் பந்து பின்பற்றுகிறது. நாம் காணும் வளைந்த பாதை அதுவே.

சான்றுகள்

புதன் கோளின் நீள்வட்டப் பாதை நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி கூடுதலாகத் திரும்புவது நியூட்டனின் விதிக்குப் பொருந்தாமல் இருந்தது. பொதுச் சார்பு அதைச் சரியாகத் தந்தது. 1919 மே 29 கதிரவ மறைப்பின்போது விண்மீன் ஒளி வளைவது அளக்கப்பட்டது. 2010 இல், 33 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டிலேயே அணுக் கடிகாரங்கள் வேறுபட்டு ஓடுவது காணப்பட்டது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ விநாடி முந்துவதால், அதற்கேற்பத் திருத்தப்படுகின்றன.

நியூட்டனை உறுத்திய கேள்விக்கான விடை 2017 இல் சோதிக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலைகளும் காமா கதிர்களும் 1.7 விநாடி இடைவெளியில் புவியை அடைந்தன. எனவே ஈர்ப்பு உடனடியாகத் தாவுவதில்லை. ஒளியின் வேகத்திலேயே காலவெளியின் ஊடாகப் பரவுகிறது.

தீராத கேள்விகள்

நிறை ஏன் காலவெளியை வளைக்கிறது என்பதைப் பொதுச் சார்பு விளக்குவதில்லை. எவ்வளவு வளைக்கும் என்பதையே கூறுகிறது. கருந்துளையின் மையத்தில் அதன் சமன்பாடுகள் பயனற்றுப் போகின்றன. குவாண்டம் கோட்பாட்டோடு அதை இணைக்கும் முயற்சிகளாக இழைக் கோட்பாடு, கண்ணிக் குவாண்டம் ஈர்ப்பு ஆகியவை உள்ளன. ஈர்ப்பைச் சுமந்து செல்வதாகக் கருதப்படும் கிராவிட்டான் என்னும் துகள் இதுவரை கண்டறியப்படவில்லை.