குயிக் ரிலீஸ்: ஒரு கம்பியின் கதை

1927 நவம்பர். இத்தாலியின் குரோச்சே தௌனே மலைப்பாதையில் ஒரு சைக்கிள் பந்தயம். அந்தக் காலத்தில் பின்சில்லின் இரண்டு பக்கமும் வேறுவேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். ஏற்றம் வந்தால் இறங்கி, சில்லைக் கழட்டித் திருப்பிப் போடவேணும். குளிரில் விறைத்த விரல்களால் துலியோ கம்பன்யோலோவுக்கு நட்டைத் திருக முடியவில்லையாம். லீவரை மடக்கித் திறக்கும் அச்சுக்கம்பி அவருக்குத் தோன்றியது அங்கேதான் எண்டு சொல்லுவினம். கதையில் எவ்வளவு உண்மையோ, 1933இல் விச்சென்சாவில் அவர் தொடங்கிய கம்பனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கம்பிதான்.

பிறகு கவலை நேரத்திலிருந்து எடைக்கு மாறியது. உருக்குக் கம்பிச் சோடி 100 கிராமைத் தாண்டும். டைட்டேனியத்தில் 50 கிராமுக்குக் கீழேயும் கிடைக்குது. ஆனால் டைட்டேனியத்தின் விறைப்பு உருக்கின் பாதியளவுதான். லீவரை அதே அளவு மடக்கினாலும் பிடி குறையும்.

2000இல் சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம் பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது எண்டு விதி போட்டது. அந்த எல்லையைத் தொட்டுவிட்ட சைக்கிளில் இன்னும் 50 கிராம் குறைத்து என்ன லாபம்? இறக்கத்தில் பிறேக் பிடிக்கும்போது முன்சில்லு இருந்த இடத்திலேயே இருக்கவேணும். கம்பி வாங்கும்போது தராசை விட அதை யோசியுங்கோ.