சோழவரத்து ஓடுதளமும் விளையாட்டு விமானமும்

சென்னையிலிருந்து செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சோழவரம் வருகிறது. பெரும்பாலானோருக்கு அது ஓர் ஏரியின் பெயர். பூண்டி, புழல் ஆகியவற்றோடு சேர்த்துக் கோடைக்காலச் செய்திகளில் நாம் வாசிக்கும் பெயர். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் அது கார்ப் பந்தயத்தையும் நினைவூட்டும். அந்தப் பந்தயம் நடந்த தளம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதை. போருக்காகச் சமைத்ததை விளையாட்டுக்கு எடுத்துக்கொண்ட கதை அது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள் போருக்குப் போனது. அந்தப் பொருளைப் பற்றியது இக்கட்டுரை: தரையில் நிற்பவர் வானொலி அலையால் இயக்கும் சிறு விமானம். அதிலும் குறிப்பாக, மூன்று மீட்டர் வரை இறக்கை விரிக்கும் ‘ஜயன்ட் ஸ்கேல்’ என்னும் பெருவடிவச் சாகச விமானம்.

கதையைச் சென்னையிலிருந்தே தொடங்கலாம். 1909 ஜூலையில் லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜாகொமோ தாஞ்செலிஸ் தாமே வடிவமைத்த விமானமொன்றைச் சென்னையில் பறக்கவிட்டார். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டினார். இந்தியாவிலேயே முதல் விமானப் பறத்தல் இதுதான் என்று கருதுவோர் உண்டு. அலகாபாத்திலிருந்து ஹென்றி பெக்கே உலகின் முதல் விமானத் தபாலை எடுத்துச் சென்றது அதற்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1911 பிப்ரவரியில்தான்.

இதில் என்னைக் கவரும் செய்தி வேறு. அந்த விமானத்தைக் கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் நிறுவனம். குதிரை வண்டிகளும் கோச்சுகளும் செய்து பேர் பெற்ற பட்டறை அது. மரத்தை வளைப்பது, சட்டத்தைப் பிணைப்பது, அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்துவது ஆகியவை வண்டித் தச்சர் ஏற்கெனவே அறிந்த வேலைகள். வானம் புதியதாக இருந்தது. கைகள் பழையவையாக இருந்தன.

*

ஆளில்லாப் பொருளை அலையால் இயக்க முடியும் என்பதை 1898-இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகை வைத்துக் காட்டியவர் நிகோலா டெஸ்லா. அதை வானுக்குக் கொண்டுபோகப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பொழுதுபோக்காளர்களில் முன்னோடிகள் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் அமெரிக்க இரட்டைச் சகோதரர்கள். 1937 வாக்கில் அவர்கள் பறக்கவிட்ட ‘கஃப்’ என்ற விமானம் பின்னாளில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் இறக்கை ஏறத்தாழ 8 அடி. அந்நாள் வால்வுகளும் மின்கலங்களும் அவ்வளவு கனம்; அவற்றைச் சுமக்கவே அத்தனை பெரிய இறக்கை வேண்டியிருந்தது. அவர்கள் அளவைத் தேடிப் போகவில்லை, அளவு அவர்கள்மேல் திணிக்கப்பட்டது. டிரான்சிஸ்டர் வந்தபின் விமானங்கள் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கின. பிறகு, தேவையில்லாதபோதும், மனிதர்கள் அவற்றை மீண்டும் பெரிதாக்கத் தொடங்கினார்கள்.

அதே முப்பதுகளில் ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி விளையாட்டு விமானக் கடை ஒன்றை நடத்திவந்தார். பீரங்கிப் படையினர் குறிபார்த்துப் பழகுவதற்கு வானொலியால் இயங்கும் விமானம் உதவும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் தொடங்கிய ரேடியோபிளேன் நிறுவனம் போர் முடிவதற்குள் சுமார் 15,000 இலக்கு விமானங்களைச் செய்து தள்ளியது. அத்தொழிற்சாலையில் வேலைபார்த்த நார்மா ஜீன் என்ற இளம்பெண்ணை 1945-இல் ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படமெடுத்தார். அவரே பின்னாளில் மர்லின் மன்றோ. பிரிட்டனிலோ 1935-லேயே டைகர் மாத் விமானத்தை ஒட்டி ‘குவீன் பீ’ என்ற ஆளில்லா இலக்கு விமானம் செய்யப்பட்டிருந்தது. இராணித் தேனீயிலிருந்துதான் ஆண் தேனீயைக் குறிக்கும் ‘டிரோன்’ என்ற சொல் பிறந்தது என்பர். இன்று நாம் அச்சத்தோடு உச்சரிக்கும் சொல்லின் தொட்டில் இதுவே.

போர் நம் பக்கமும் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களைத் தாக்கின. சென்னை நகரம் பாதி காலியானது. சோழவரத்து ஓடுபாதை அந்தப் போரின் எச்சம். போர் முடிந்து ஓடுபாதை சும்மா கிடந்தபோது, 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அதைப் பந்தயத் தளமாக்கிக்கொண்டது. ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் அமைந்த அந்தத் தளத்தில் ஆண்டுதோறும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் கழகத்தின் சொந்தத் தளம் திறக்கப்பட்டதோடு சோழவரத்தின் அந்த அத்தியாயம் முடிந்தது.

*

பெருவடிவ விமானங்களின் எழுச்சிக்கு வழிவகுத்தது லாஸ் வேகாஸில் 1974-இல் சூதாட்ட விடுதி அதிபர் பில் பென்னட் தொடங்கிய ‘டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்’ போட்டி. உண்மையான சாகச விமானங்களை ஒத்த மாதிரிகளையே அது வேண்டியது. பரிசுத் தொகையும் பெரிது. ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர் போன்றவர்கள் அங்கே புகழ் பெற்றார்கள். மரம் அறுக்கும் சங்கிலி வாள்களின் பெட்ரோல் எஞ்சின்களை விமானத்துக்கு மாற்றலாம் என்பது தெரிந்ததும் அளவு கூடிக்கொண்டே போனது.

ஏன் பெரிது? காற்றுக்கு ஒரு பிசுபிசுப்பு உண்டு. சிறிய இறக்கைக்கு அது தேன்போல. பெரிய இறக்கைக்கு நீர்போல. எனவே பெரிய விமானம் காற்றில் துள்ளாமல், உண்மை விமானத்தின் நிதானத்தோடு நகர்கிறது. 100 சிசி எஞ்சின் கொண்ட விமானத்தின் இறக்கை சுமார் 2.6 மீட்டர்; எடை 11 முதல் 13 கிலோ. உந்துவிசை எடையைவிட அதிகம் என்பதால் மூக்கை மேலே தூக்கி, சுழலியிலேயே தொங்கியபடி நிற்கவும் அதற்கு முடியும்.

கட்டும் முறையில் சிம்ப்சன் பட்டறையின் சாயல் இன்னும் இருக்கிறது. எடை குறைந்த பால்சா மரத்தில் விலா எலும்புகள். எஞ்சினைத் தாங்கும் முன்சுவர் தடித்த ஒட்டுப்பலகை. இரு இறக்கைகளையும் இணைப்பது கார்பன் குழாய். துணிக்குப் பதிலாகச் சூடுபட்டால் சுருங்கி இறுகும் மெல்லிய படலம். கட்டி முடித்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதிப் பாதி, ஒழுங்குசெய்தல். ஒரே இறக்கையின் கட்டுப்பாட்டுத் தகட்டை இரண்டு சர்வோ மோட்டார்கள் தள்ளினால், இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக நகரவேண்டும். ஒன்று முந்தினால் மற்றதோடு மல்லுக்கட்டி, மின்கலத்தைக் குடித்துத் தானும் எரிந்துபோகும். சுக்கானைக் கம்பிகள் இருபுறமும் சம இறுக்கத்தில் இழுக்கவேண்டும். கீல்களின் இடைவெளியை அடைக்காவிட்டால் வேகத்தில் தகடு படபடத்துப் பிய்ந்துபோகும். சுழலியின் திருகலை ஈடுகட்ட எஞ்சினைச் சற்றே வலப்புறம் சாய்க்கவேண்டும். மின்கலங்களை முன்னும் பின்னும் நகர்த்தி ஈர்ப்பு மையத்தைச் சரிசெய்யவேண்டும். மையம் பின்னுக்குப் போனால் விமானம் அடங்காது. அதிகம் முன்னுக்கு வந்தால் ஆடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, தோல்விக்கு ஆயத்தமாக இருத்தல். மின்கலம் இரண்டு, சுவிட்ச் இரண்டு, பலர் அலைவாங்கியும் இரண்டு வைப்பார்கள். தொடர்பு அறுந்தால் எஞ்சின் தானே அடங்குமாறு அமைத்து, அதைத் தரையிலேயே சோதிப்பார்கள். பன்னிரண்டு கிலோ எடையும் முக்கால் மீட்டர் அளவுக்கு நெருங்கிய கத்திபோன்ற சுழலியும் கொண்ட பொருளைப் பொம்மை என்று சொல்லிவிட முடியாது.

*

தமிழ்நாட்டில் இந்தக் கலையைப் பலர் முதலில் தொட்டது தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில், சிறு மாதிரி விமானங்கள் வழியாக. சி. ராஜம் 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களே தம்மை ஈர்த்தன என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அதே வளாகத்தின் ‘தக்ஷா’ மாணவர் அணி 2018-இல் ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பொருள் ஏந்திச் செல்லும் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அவ்வணிக்கு ஆலோசகராக இருந்தவர், விளையாட்டு விமானங்களில் நெடுநாள் ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமார். டென்னியின் பொழுதுபோக்கு பீரங்கிகளுக்கு இலக்காய் முடிந்தது. இன்னொரு நடிகரின் பொழுதுபோக்கு மருந்துப் பொட்டலத்தில் வந்து நின்றது. கருவி ஒன்றுதான். எதை ஏற்றுகிறோம் என்பது நம் முடிவு.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஓரளவு அறிந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ கண்பார்வைக்குள் பறக்கும், 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானத்தைத் தனியாக வகைப்படுத்தி, அதற்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்களித்துள்ளன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை தனி அனுமதி வேண்டியதில்லை.

ஆனால் விதி தரமுடியாத ஒன்று இருக்கிறது: இடம். இவ்விமானத்துக்கு வேண்டியது சமமான ஒரு தரை. சுற்றிலும் வீடோ மின்கம்பியோ மனிதரோ இல்லாத வெளி. செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டிவரை பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே அப்படியொரு வெளியைத் தேடுவது எளிதன்று. தொழிற்பேட்டைகள் வேலை தந்தன. அவற்றில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞனின் கையில், ஒரு சுழலியைச் சமன்செய்யும் நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. அவன் ஓய்வுநாளில் தான் செய்ததைப் பறக்கவிட்டு, அது விழுந்தால் ஏன் விழுந்தது என்று யோசிக்க ஓர் இடம் வேண்டும். தாஞ்செலிஸுக்குத் தீவுத்திடல் கிடைத்தது. பந்தயக்காரர்களுக்கு ஒரு போர் விட்டுச்சென்ற சோழவரம் கிடைத்தது. அடுத்தவர்களுக்கு ஓர் ஓடுபாதை கிடைக்க இன்னொரு போர் வரவேண்டியதில்லை. ஊருக்கு வெளியே ஒரு திடலை ஒதுக்கிவைத்தாலே போதும்.